எலுமிச்சம்பழத்துக்கு நிற்கும் மெஷின்

எங்கள் மெஷின் மெதுவானது என்று வாங்கியவர்கள் சொல்கிறார்கள், வாங்காதவர்கள் சொல்கிறார்கள், அதை விற்கிற என் முதலாளியே சொல்கிறார். ஆமாம், மெதுவானதுதான். அதை மெதுவாக்கியவள் நான்தான். ஏன் இப்படிச் செய்தாய் என்று யாராவது கேட்டால் வரிந்து கட்டிக்கொண்டு பதில் சொல்லத் தயாராக இருந்தேன். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. எப்போது வேகமாக்கப் போகிறாய் என்றுதான் கேட்டார்கள்.

மெஷின் என்றால் விளையாட்டு மைதானத்தில் புல் வெட்டும் மெஷின். ஆள் உட்கார்ந்து ஓட்ட வேண்டாம், பின்னால் நடக்கவும் வேண்டாம். எல்லையை ஒருமுறை காட்டிவிட்டால் தானே போகும், தானே திரும்பும், மழை வந்தால் தானே கூரைக்கடியில் போய் நின்றுகொள்ளும். ஒரு டீப்பாய் அளவு இருக்கும். முன்னால் கேமரா, அடியில் சுழலும் பிளேடு. ஆனேக்கல் போகும் வழியில் ஒரு தகரக் கொட்டகையில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து அதைச் செய்கிறோம். கேமரா எதைப் பார்த்தால் மெஷின் நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பது என் வேலை.

இது என்ன பெரிய வேலை என்று நினைப்பவர்கள் பெங்களூரில் ஏதாவது ஒரு மைதானத்தைக் காலையில் போய்ப் பார்க்கட்டும். வெளிநாட்டு மெஷின்களின் வீடியோக்களில் புல்லைத் தவிர வேறொன்றும் இருக்காது. நம் மைதானத்தில் குல்மொஹர் காய் கிடக்கும், தண்ணீர் பாட்டில் கிடக்கும், தொலைந்த பந்து கிடக்கும், ஒற்றைச் செருப்பு கிடக்கும், நடுவில் நாய் ஒன்று தன் சொந்த இடம் போலப் படுத்திருக்கும். கோடை வந்தால் ஆள்காட்டிக் குருவி பவுண்டரிக் கோட்டுக்குப் பக்கத்தில் வெறும் தரையில் முட்டையிட்டுவிட்டு ஊரைக் கூட்டிக் கத்தும். ஒரு மைதானத்தில் எங்கள் மெஷின் அந்த முட்டைகளுக்கு முன்னால் நின்று, சுற்றிக்கொண்டு போனது. குஞ்சு பொரிக்கும்வரை அங்கே ஒரு தாம்பாளம் அளவு இடத்தில் புல் வளர்ந்தே இருந்தது. மைதானத்துக்காரர் புகார் செய்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

எவ்வளவு உயரமான பொருளுக்கு மெஷின் நிற்க வேண்டும் என்ற அளவை நான் எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுக்கவில்லை. அக்கா மகள் அப்போது பாலர் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவள் கையைச் சப்பாத்தி மாவில் அழுத்தி, அந்தப் பள்ளத்தில் ப்ளாஸ்டர் கரைத்து ஊற்றினேன். காய்ந்ததும் சின்னக் கை ஒன்று கிடைத்தது. பந்தெடுக்க ஓடிவரும் குழந்தை வழுக்கி விழுந்தால் கை எப்படிப் புல்லில் கிடக்குமோ அப்படி அதை வைத்து மெஷினை விட்டேன். முதலில் அது கையின் மேலேயே ஏறிப் போனது. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு முறையும், எத்தனை இருட்டிலும், எவ்வளவு உயரமான புல்லிலும் அந்தக் கைக்கு நிற்கும்வரை அளவைக் குறைத்துக்கொண்டே போனேன். நின்ற இடத்தில் அதைப் பூட்டினேன். மாற்றுவதற்கு ஒரு பாஸ்வேர்ட் வேண்டும், அது என் மண்டைக்குள் மட்டும் இருக்கிறது. சோதனைக்கு எப்போதும் ப்ளாஸ்டர் கைதான், தோல் உள்ள கை ஓடும் மெஷினுக்கு முன்னால் வரவே கூடாது என்று கொட்டகைச் சுவரில் எழுதியும் ஒட்டினேன்.

முதலாளி மல்லேஸ்வரத்துத் தமிழர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவருக்குக் கோபமே வராது, எதையும் சிரித்துக்கொண்டேதான் கேட்பார். "ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணும்மா" என்பார், கொஞ்சம் விட்டுக்கொடு என்று அர்த்தம். எனக்கு அந்தச் சிரிப்பும் பிடிக்காது, அந்த வாக்கியமும் பிடிக்காது. இந்த ஊரில் பள்ளத்தில் பஸ் விழுந்தாலும், லிஃப்ட் நடுவில் நின்றாலும், அதற்கு முன்னால் யாரோ ஒருவர் சிரித்துக்கொண்டே இந்த வாக்கியத்தைச் சொல்லியிருப்பார். நிற்கும் அளவை ஏற்றிவிட்டால் காய்க்கும் பாட்டிலுக்கும் நிற்காமல் வேலை சீக்கிரம் முடியும் என்பது அவர் வாதம். முடியும்தான். யார் இல்லையென்றது?

இதில் கொடுமை என்னவென்றால், மெஷின் விற்கப் போகும் இடத்திலெல்லாம் அவர் முதலில் காட்டுவது என் அப்பாவின் கையை.

அப்பா ராஜாஜிநகர் பக்கம் ஒரு பட்டறையில் தகடு அழுத்தும் ப்ரெஸ்ஸில் வேலை செய்தவர். ப்ரெஸ்ஸுக்கு முன்னால் கம்பி வலைத் தடுப்பு ஒன்று உண்டு. அது இருந்தால் வேலை மெதுவாகிறது என்று அதைத் தூக்கிக் கட்டுக்கம்பியால் கட்டி வைத்திருந்தார்கள். ஒருநாள் அப்பா உள்ளே கைவிட்டுத் தகட்டைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, கூட வேலை செய்தவர் பெடலை மிதித்துவிட்டார். வலது கையில் இரண்டு விரல்கள் போயின. இதை ஒருநாள் டீ குடிக்கும்போது முதலாளியிடம் சொன்னேன். அடுத்த வாரம் விற்பனைப் படக்காட்சியின் முதல் பக்கத்தில் அப்பாவின் கை இருந்தது. வீட்டு விசேஷத்தில் எடுத்த படத்தில் கையை மட்டும் வெட்டி ஒட்டியிருந்தார். 'ஒரு மகளின் சபதம்' என்று தலைப்பு வேறு. நான் எந்தக் காலத்தில் சபதம் போட்டேன்? எடுக்கச் சொன்னேன். "கதை இருந்தாதான்மா ஜனங்க வாங்குவாங்க, அப்பாக்கும் கௌரவம்தானே" என்றார். ஒரு பக்கம் அந்தக் கையைக் காட்டி விற்பது, மறுபக்கம் தடுப்பைத் தளர்த்து என்று என்னைக் கேட்பது. படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்று இவரைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

ஆனேக்கல் தாண்டி ஒரு தனியார் கிரிக்கெட் பயிற்சி மைதானம் இருக்கிறது. அதன் செயலாளர் எங்கள் மெஷினை வாங்க முன்வந்தார். எங்களுக்கு அதுவரை வந்ததிலேயே பெரிய ஆர்டர். ஆயுத பூஜை அன்று அவர்கள் மைதானத்திலேயே பூஜை போட்டு முதல் ஓட்டத்தைத் தொடங்கலாம் என்று முடிவாயிற்று. முதலாளி அப்பாவையும் அழைத்துவரச் சொன்னார். மெஷினுக்கு எலுமிச்சம்பழம் வைக்கிற மரியாதை அப்பாவுக்குத்தான் என்றார். எனக்கு விஷயம் புரிந்தது. அப்பா ஆசைப்பட்டார், அதனால் வாயை மூடிக்கொண்டேன். ஒக்கலிபுரத்து வீட்டிலிருந்து மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட் போய், அங்கிருந்து பஸ் பிடித்தோம். அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

ஆயுத பூஜையில் இந்த ஊர் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மைதானத்தில் இருந்த சக்கரம் வைத்த எல்லாவற்றுக்கும் வாழைக்கன்றும் சாமந்திச் சரமும் கட்டியிருந்தார்கள். பிட்ச்சை அழுத்தும் பெரிய ரோலருக்குக்கூடப் பட்டை பட்டையாகச் சந்தனம். பூசாரி ஒவ்வொன்றாக ஆரத்தி காட்டிக்கொண்டு வந்தார். செயலாளரின் கார் எலுமிச்சம்பழத்தை நசுக்கிப் போனது. பள்ளி வேன் நசுக்கியது. ரோலர் நசுக்கிய பழம் இருந்த இடமே தெரியவில்லை. கடைசியில் எங்கள் மெஷின். முதலாளி எல்லோருக்கும் கேட்கும்படி அப்பாவைக் கூப்பிட்டு, "ஐயா, உங்க கையால வைங்க" என்றார். அப்பா குனிந்து முன்சக்கரங்களுக்கு முன்னால் பழங்களை வைத்துவிட்டு எழுந்தார். போன்கள் எல்லாம் உயர்ந்தன. என் கையில் இருந்த டேப்லெட்டில் ஓடு என்று அழுத்தினேன்.

மெஷின் ஓடவில்லை. மூன்று முறை பீப் என்றது. மஞ்சள் விளக்குக் காட்டியது. நின்றுவிட்டது.

உடனே எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வராமல் என்ன செய்யும்? மாதக்கணக்கில் நாங்கள் எல்லாவற்றையும் யோசித்திருந்தோம். மழை, வெயில், நாய், முட்டை, பந்து. பெங்களூரில் பிறந்து வளர்ந்த ஏழெட்டுப் பேரில் ஒருவருக்குக்கூட, இந்த மெஷினுக்கும் ஒருநாள் ஆயுத பூஜை வரும், சக்கரத்தடியில் பழம் வைப்பார்கள் என்று தோன்றவில்லை. மெஷின் செய்தது சரிதான். வழியில் ஏதோ இருக்கிறது, நிற்கிறேன் என்கிறது. அது நல்ல பிள்ளை.

ஆனால் மற்றவர்கள் சிரிக்கவில்லை. முதல் ஓட்டத்தில் வண்டி நகரவில்லை என்றால் அது சகுனம். பூசாரி மணியைக் கீழே வைத்துவிட்டார். செயலாளர் முதலாளியின் பக்கம் சாய்ந்து, "ஆ கைலி மாடிஸ்பாரதித்து" என்றார். அந்தக் கையால் செய்வித்திருக்கக் கூடாதாம். ஊனமான கை பட்டதால்தான் வண்டி நின்றதாம். மெதுவாகத்தான் சொன்னார். நானும் அப்பாவும் இந்த ஊரிலேயே பிறந்தவர்கள், எங்களுக்குக் கன்னடம் தாய்மொழிக்குக் குறைந்ததில்லை. அப்பா வலது கையைச் சட்டைப் பைக்குள் விடுவதைப் பார்த்தேன். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ரோலர் ஓட்டியவரோ பூசாரியோ சொல்லியிருந்தால்கூட நான் தணிந்திருப்பேன். முதலாளி அதற்கு ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லியிருந்தாலும் தணிந்திருப்பேன். அந்தக் கையை ஊர் ஊராகக் காட்டி விற்றவர் அவர். அவர் செயலாளரிடம் தலையாட்டிவிட்டு என்னிடம் வந்தார்.

"அளவ ஏத்தும்மா. பழத்து மேல ஏறிப் போகட்டும்."

"ஏத்த முடியாது சார். பழத்த எடுத்துட்டா தானா போகும்."

"பழத்த எடுக்கறதா? பூஜை பண்ணிட்டு? அவங்க முகத்தப் பாரு. இன்னிக்கு ஒரு நாள் ஏத்து, நாளைக்கு எறக்கிக்கலாம்."

"சுவிட்ச் ஆஃப் பண்ணிட்டுத் தள்ளலாம்."

"தானா ஓடற வண்டின்னு சொல்லி வித்துட்டு மொதல் நாளே தள்றதா? ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணும்மா. ஒரு எலுமிச்சம்பழம்."

எலுமிச்சம்பழத்தின் உயரம்தான் சார், புல்லில் கவிழ்ந்து கிடக்கும் குழந்தையின் கை. அதை அவருக்கு நான் கொட்டகையில் பலமுறை சொல்லியாயிற்று. பழத்தின் மேல் ஏறும்படி அளவை ஏற்றினால், அந்தக் கையின் மேலும் ஏறும். இன்று ஒரு நாள் என்று ஏற்றியதை நாளை யாரும் இறக்க மாட்டார்கள். வேலை சீக்கிரம் முடிகிறது என்று இவரே சொல்வார். ப்ரெஸ்ஸின் தடுப்பையும் நிரந்தரமாகவா கட்டி வைத்தார்கள்? அதுவும் ஒரு நாளைக்காகத்தான் தூக்கிக் கட்டியது. இந்த மைதானத்தில் தினமும் சாயங்காலம் குழந்தைகள் பந்து பொறுக்க ஓடுகிறார்கள்.

நான் குரலைத் தாழ்த்தவில்லை. செயலாளருக்கும் கேட்கட்டும் என்றே சொன்னேன். "சார், பழம் இருக்கற எடத்துல உங்க கைய வைங்க. வெச்சிட்டுச் சொல்லுங்க, அளவ ஏத்தறேன்."

அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. அந்த முகத்தை நான் முதல்முறையாகப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்த போன்கள் இறங்கவில்லை. அந்த நேரத்தில்தான் அப்பா எனக்குப் பக்கத்திலிருந்து நகர்ந்தார். மெதுவாகக் குத்துக்காலிட்டு மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து வலது கையை எடுத்து, பழத்துக்குப் பக்கத்தில் புல்லின் மேல் விரித்து வைத்தார். மூன்று விரல்கள்.

"போடும்மா," என்றார்.

நான் முதலாளியிடம் வீசிய சொல் அப்பாவிடம் போய் விழுந்திருந்தது. அப்பா என்னைப் பார்க்கவில்லை, செயலாளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளிக்கோ சிரிப்பு திரும்பி வந்துவிட்டது. அவர் என் காதருகே வந்து, "நிக்கும் இல்ல? போடும்மா. எல்லாரும் வீடியோ எடுக்கறாங்க" என்றார்.

நிற்கும். அது எனக்குத் தெரிந்த அளவு இந்த உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. அழுத்தியிருந்தால் மெஷின் அசையக்கூட அசைந்திருக்காது. செயலாளர் வாயடைத்துப் போயிருப்பார், ஆர்டர் இரட்டிப்பாகியிருக்கும், முதலாளியின் படக்காட்சிக்கு இன்னொரு பக்கம் கிடைத்திருக்கும். என் விரல் டேப்லெட்டின் மேல்தான் இருந்தது. நான் அழுத்தவில்லை. மெஷினின் முதுகில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அடித்து அதன் உயிரை நிறுத்தினேன். பிறகு அப்பாவின் கையைப் பிடித்துத் தூக்கினேன். நன்றாகத் திட்டவும் செய்தேன்.

"அறிவிருக்கா உனக்கு? வெக்கற கையா அது?"

பழங்களை நானே பொறுக்கிச் செயலாளரிடம் கொடுத்தேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார், வேறென்ன செய்வதென்று தெரியாமல். "சார், நீங்க வாங்கறது நிக்கற மெஷின். நிக்காத மெஷின் வேணும்னா வேற எடத்துல கெடைக்கும். எங்கப்பா கை பட்டு இது நின்னுபோகல. யார் கை பட்டாலும் நிக்கணும்னுதான் இது நிக்குது" என்று அவருடைய கன்னடத்திலேயே சொன்னேன். மெஷினுக்கு மறுபடி உயிர் கொடுத்து ஓடு என்று அழுத்தினேன். வழியில் எதுவும் இல்லாததால் அது கிளம்பிப் போனது. நேர்க்கோட்டில் பவுண்டரிவரை வெட்டிக்கொண்டே போய்த் திரும்பியது. ஒருவரும் கை தட்டவில்லை. பூசாரி மட்டும், "ஆச்சு, ஓடிடுச்சு" என்று மணியை எடுத்துக்கொண்டார். அவருக்கு இன்னும் பல கடைகள் பாக்கி இருந்திருக்கும்.

வேலை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள், அதைச் சொல்லிவிடுகிறேன். முதலாளி என்னைக் கேட் அருகே நிறுத்தி, இனி வர வேண்டாம் என்றார். விடுமுறை முடிந்த காலையில் நான் வழக்கம் போல் போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். எதற்கு வந்தாய் என்று கேட்டார். வேலைக்கு என்றேன். அப்பாவின் கைப்படத்தை அன்றே எடுக்க வேண்டும், இல்லையென்றால் எடுக்கும்வரை இங்கேயே உட்கார்ந்திருப்பேன் என்றேன். உள்ளே போய்விட்டார். மத்தியானம் படம் இல்லை, வர வேண்டாம் என்று என்னிடம் மறுபடி சொல்லவும் இல்லை. அந்த மைதானத்து ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போயிற்று. போகட்டும். அவர் இன்றைக்கும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அளவு நான் பூட்டிய இடத்தில்தான் இருக்கிறது.

அதெல்லாம் பிறகு. அன்று நாங்கள் ஆனேக்கல் பஸ் ஸ்டாண்டில் பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். பஸ்ஸுக்கும் மாலை, கண்ணாடிக்குக் குங்குமம். ஜன்னலோரம் அப்பா. நான் கோபம் ஆறாமல் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன். பொரிப் பொட்டலத்தை என் மடியில் நகர்த்தி வைத்தார். நான் தொடவில்லை.

"நீ போட்டிருந்தா அது நின்னிருக்கும் இல்ல?" என்று கேட்டார்.

"நின்னிருக்கும்."

"அப்பறம் ஏன் போடல? அந்தாளு வாய் அடைச்சிருக்குமே."

"ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சுத்தான் அன்னிக்கு உன் ப்ரெஸ்லயும் ஒருத்தன் பெடல மெதிச்சான். நானும் மெதிக்கணுமா?"

கேட்ட பிறகுதான் அது எவ்வளவு கடுமையான கேள்வி என்று உறைத்தது. அந்த நாளைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் அப்பாவிடம் அப்படிப் பேசியதில்லை. அவர் வலது கையாலேயே பொட்டலத்தைப் பிரித்து, ஒரு பிடி பொரி அள்ளி என்னிடம் நீட்டினார்.

"மெஷின் நிக்குமா நிக்காதான்னு எனக்கு என்னம்மா தெரியும்? நீ போட மாட்டேன்னு தெரியும். அதான் வெச்சேன்."